கேள்வி – பதில்: மென்பொருள் கையேட்டை எதில் எழுதுவது?

கேள்வி: நான்கு பேர் சேர்ந்து ஒரு பில்லிங் மென்பொருள் செய்கிறோம். கையேடு ஆங்கிலத்திலும் தமிழிலும் வர வேண்டும். மார்க்டவுன் போதும் என்கிறார் ஒருவர், ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்தான் சரி என்கிறார் இன்னொருவர். எதை எடுப்பது?
– வாசகர், கோவை

இரண்டுமே வெறும் எழுத்துக்கோப்பில் சிறு குறிகள் இட்டு எழுதும் வடிவங்கள். ஒரே மொழியில் இருபது, முப்பது பக்கம், அதுவும் வலைத்தளத்துக்கு மட்டும் என்றால் மார்க்டவுனும் அதை வலைத்தளமாக்கும் எம்கேடாக்ஸும் தாராளமாகப் போதும். ஒரு பிற்பகலில் தளம் எழுந்து நின்றுவிடும். உங்களுக்கு இரண்டு மொழி வேண்டும் என்பதால், ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டிலிருந்து கையேட்டைக் கட்டும் ஸ்பிங்க்ஸ் கருவியைத்தான் சொல்வோம்.

காரணம் இது. ஆங்கில மூலத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்து, மொழிபெயர்ப்புக்கான வார்ப்புருக் கோப்புகளாகத் தரும் வசதி ஸ்பிங்க்ஸிலேயே இருக்கிறது. ஸ்பிங்க்ஸ்-இன்டில் என்ற துணைக் கருவி அவற்றிலிருந்து தமிழுக்கான பிஓ கோப்புகளை உருவாக்கும். தமிழை அந்தக் கோப்பில் எழுதுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு பத்தி மாறினால், அதற்குரிய தமிழ்ப் பத்தி மட்டும் ‘ஃபஸ்ஸி’ (மறுபடி பார்க்க வேண்டியது) என்று குறிக்கப்படும். மற்றதைத் தொட வேண்டாம். இரண்டு மொழிக்கும் தனித்தனி மார்க்டவுன் கோப்பு வைத்தால் எந்தப் பத்தி பின்தங்கியது என்று ஆள்தான் தேட வேண்டும். யாரும் தேடுவதில்லை, தமிழ்க் கையேடு இரண்டு பதிப்பு பழையதாகவே கிடக்கும்.

ஸ்பிங்க்ஸ் 2008இல் பைத்தான் கையேட்டுக்காகவே பிறந்தது. லினக்ஸ் கெர்னலும் 2016 முதல் அதைப் பயன்படுத்துகிறது. நிரலில் உள்ள விளக்கக் குறிப்புகளைத் தானே எடுத்துக்கொள்ளும், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்தின் தலைப்புக்கு உடையாத இணைப்பு தரும். ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் பிடிக்காதவர் மிஸ்ட் என்ற நீட்சியைச் சேர்த்து மார்க்டவுனிலேயே எழுதலாம். உங்கள் குழுவின் சண்டை அதோடு தீரும்.

ஆஸ்கிடாக்கும் நல்ல வடிவம்தான். நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவியின் உதவிப் பக்கங்கள் அதில்தான் எழுதப்படுகின்றன. சிக்கலான அட்டவணைகள் நிறைய இருந்தால் அதைப் பாருங்கள். உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது.

கேள்வி: கிட்ஹப்பில் ஒழுங்காகத் தெரியும் உட்பட்டியல், எம்கேடாக்ஸில் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகிறது. சில இடங்களில் பட்டியலே பத்தியோடு ஒட்டிக்கொள்கிறது. ஏன்?
– வாசகர், யாழ்ப்பாணம்

2004இல் வந்த மூல மார்க்டவுனுக்குத் துல்லியமான இலக்கணம் கிடையாது. அட்டவணைகூட அதில் இல்லை. ஒவ்வொரு கருவியும் இடைவெளிகளைத் தன் போக்கில் நிரப்பிக்கொண்டது. கிட்ஹப், மார்க்டவுனுக்குப் பின்னாளில் வகுத்த காமன்மார்க் என்ற விதித்தொகுப்பின் வழியில் போகிறது: ஹைஃபன் பட்டியலுக்குள் உட்பட்டியல் வைக்க 2 இடைவெளி போதும். எம்கேடாக்ஸின் அடியில் ஓடுவது பைத்தான்-மார்க்டவுன்; அதற்கு 4 வேண்டும். பட்டியலுக்கு முன் ஒரு வெற்று வரியும் வேண்டும், இல்லாவிட்டால் முந்தைய பத்தியின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும். எப்போதும் 4 இடைவெளி, முன்னால் ஒரு வெற்று வரி என்று வைத்துக்கொண்டால் இரண்டிலும் சரியாக வரும். எடிட்டரில் டேப் அகலத்தையும் 4 ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: தடித்த எழுத்துக்குப் பின் ‘ஐ’, ‘இல்’ சேர்த்தால் நட்சத்திரக் குறிகள் அப்படியே பக்கத்தில் தெரிகின்றன. தலைப்புகளுக்கும் ‘அடிக்கோடு போதவில்லை’ என்று எச்சரிக்கை வருகிறது.
– வாசகர், மதுரை

ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வகுத்த விதி இது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டில் மூடும் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தற்குறியோ வந்தே ஆக வேண்டும். ஆகவே முதல் வரி வேலை செய்யாது. அடுத்த இரண்டும் செய்யும்:

    **கோப்பு**ஐ
    **கோப்பு**\ ஐ
    **கோப்பு**-ஐ

பின்சாய்கோட்டுக்குப் பின்னுள்ள இடைவெளி அச்சில் மறைந்துவிடும். கோப்பை, கோப்பில் என்று முழுச் சொல்லையும் குறிகளுக்குள் போடுவது இன்னும் நல்லது. படிக்கவும் இயல்பாக இருக்கும்.

மார்க்டவுனில் இரட்டை நட்சத்திரம் சொல்லின் நடுவிலும் செல்லும். ஆனால் உள்ளே மேற்கோளோ அடைப்புக்குறியோ வந்தால் காமன்மார்க்கில் மாட்டிக்கொள்ளும்: `**"சேமி"**ஐ` உடையும், `"**சேமி**"ஐ` உடையாது. மேற்கோளை வெளியே தள்ளுங்கள். அடிக்கோட்டுக் குறியால் (_) சாய்வெழுத்து போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது சொல் நடுவில் வேலை செய்யாது.

இனித் தலைப்பு. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டில் தலைப்புக்குக் கீழ் வரியில் அதன் நீளத்துக்குச் சமக்குறி (=) போன்ற குறிகளை இட வேண்டும். ‘நிறுவுதல்’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது 5 எழுத்து. கருவியோ உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணும். புள்ளியை மட்டும் விட்டுவிடும். ஆக 8 சமக்குறி வேண்டும். 5 போட்டால் எச்சரிக்கையோடு தலைப்பு வரும். 3 போட்டால் தலைப்பே ஆகாது, சாதாரண வரியாகிவிடும். எச்சரிக்கையைப் பிழையாக எண்ணும்படி அமைத்திருந்தால் முழுக் கட்டமைப்பும் அங்கேயே நிற்கும். எண்ணிக்கொண்டிருக்காமல் எல்லாத் தலைப்புக்கும் 40 குறி போட்டுவிடுங்கள். நீளம் கூடினால் எந்தக் கருவியும் கோபிக்காது.

கேள்வி: ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் பாண்டாக் கருவி வழியாக பிடிஎஃப் எடுத்தால் தமிழ் மட்டும் காணாமல் போகிறது.
– வாசகர், சென்னை

பிடிஎஃப் உருவாக்க பாண்டாக் இயல்பாக அழைக்கும் இயந்திரமான பிடிஎஃப்லேட்டெக் தமிழுக்குச் சரிவராது. ஸீலேட்டெக்குக்கு மாற்றுங்கள். பிறகு மெயின்ஃபாண்ட் என்ற மாறியில் தமிழும் ஆங்கிலமும் உள்ள எழுத்துருவைத் தாருங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ இருக்கிறது. இயந்திரத்தை மட்டும் மாற்றி எழுத்துருவை மறந்தால் பிழை எதுவும் இல்லாமலே பிடிஎஃப் உருவாகும், தமிழ் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். நிரல் கட்டங்களுக்கு வேறு எழுத்துரு என்பதால் அங்குள்ள தமிழ்க் குறிப்புகள் அப்போதும் விடுபடலாம். அவற்றை வரி எண்ணோடு கட்டத்துக்கு வெளியே எழுதுங்கள்.

கேள்வி: இணையம் இல்லாத அலுவலகத்துக்கு எம்கேடாக்ஸ் தளத்தைப் பென் டிரைவில் கொடுத்தோம். இணைப்பைச் சொடுக்கினால் கோப்புப் பட்டியல்தான் திறக்கிறது.
– வாசகர், சேலம்

‘யூஸ் டைரக்டரி யூஆர்எல்ஸ்’ என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கி மறுபடி கட்டுங்கள். இணைப்புகள் நேராகக் கோப்புக்கே போகும். ஆனால் வட்டிலிருந்து திறக்கும்போது இயல்பான தேடல் பெட்டி வேலை செய்யாது. கோப்பு முகவரியிலிருந்து தேடல் அட்டவணையை ஏற்ற உலாவி விடாது. ஸ்பிங்க்ஸ் தன் அட்டவணையை ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகவே வைப்பதால் அங்கே தேடல் ஓடும். தேடல் கட்டாயம் வேண்டும் என்றால் அந்தக் கணினியில் ஒரு சிறு வலை சேவையகத்தை நிறுவி, அதன் வழியாகத் திறக்கச் சொல்லுங்கள்.