பெரட்டுக்கு எதற்குப் புதுப்பெயர்?

வணக்கம் தம்பி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் புதிதாகக் கிராணி (எழுத்தர்) வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். அறிவிப்புப் பலகையில், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற 'பெரட்டு' என்பதைக் 'காலைப் பணியொருங்கிணைவு' என்றும், குலையிலிருந்து உதிர்ந்து விழுகிற உதிரிப்பழத்தைத் 'தளர்கனி' என்றும் எழுதச் சொல்கிறார் மேலாளர். ஆட்கள் வந்து "இது என்னங்க?" என்று கேட்கிறார்கள். எதை எழுதுவது என்பதுதானே கேள்வி?

பெரட்டு என்றே எழுதுங்கள். புதுச்சொல்லே கூடாது என்பதில்லை. மின்னஞ்சல், இணையம் எல்லாம் ஒரு காலத்தில் புதுசுதான். ஆனால் அவை புதுப் பொருளுக்கு வந்த பெயர்கள். உதிரிப்பழத்துக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதே!

மேலாளரிடம் மொழிச்சண்டை போடாதீர்கள், எடுபடாது. கணக்கைப் பேசுங்கள். உதிரிப்பழத்தில்தான் எண்ணெய் அதிகம். மரத்தடியில் கிடந்தால் அத்தனையும் நட்டம். வெட்டின குலை ஆலைக்குப் போகத் தாமதமானால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். அறிவிப்பு புரியாவிட்டால் இரண்டும் நடக்கும்.

"தளர்கனிச் சேகரிப்பு முழுமையாக உறுதிசெய்யப்பட வேண்டும்" என்பதை இப்படி மாற்றிப் பாருங்கள்: "வெட்டின குலையை அன்றைக்கே ரோட்டோரம் சேர்த்துவிடுங்கள். உதிரிப்பழத்தை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள்." யார் என்ன செய்யணும் என்பது தெரிகிறதா? முதல் வாக்கியத்தில் ஆளே இல்லை. சொல்லை விட அதுதான் பெரிய கோளாறு என்பேன்.

கைப்பேசியில் வருகைப் பதிவு மாதிரி புதுசாக ஏதாவது வந்தால், அதற்கு ஒரு பெயரை வைத்து, முதல் அறிவிப்பில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். அப்புறம் அந்தப் பெயரை மாற்றாதீர்கள். அறிவிப்பை ஒட்டுவதற்கு முன்னால், ஆட்களை மேற்பார்க்கிற மண்டோரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர் நெற்றியைச் சுருக்கினால் அந்த வரியைத் திருத்துங்கள்.