கடலூர், புதுச்சேரிப் பக்கம் இயற்கைவளப் பாதுகாப்பு படிக்கலாமா?

கேள்வி: என் மகள் கடலூரில் பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கிறாள். காடு, நீர்நிலை, இயற்கைவளப் பாதுகாப்பு, இதைத்தான் படிப்பேன் என்கிறாள். தனியார் கல்லூரிக்குச் செலவழிக்க வசதியில்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் இதற்கு வழி உண்டா? படித்தால் பிழைப்பு உண்டா? பெண் பிள்ளை களப்பணிக்கெல்லாம் போகலாமா?

பதில்: தாராளமாகப் படிக்கட்டும் ஐயா. கடலூரில் அரசுக் கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு, காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் முதுகலை படித்தவள் நான். இன்றும் நீர்நிலைகள் தொடர்பான வேலையில்தான் இருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலர் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். இளங்கலையிலேயே ‘சுற்றுச்சூழல்’ என்ற பெயர் உள்ள படிப்பைத் தேடி அலைய வேண்டாம். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வை எழுத, பட்டப்படிப்பில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் இவற்றில் ஒன்றாவது பாடமாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். ஆகவே அடிப்படை அறிவியல் ஒன்றில் பட்டம் வாங்கிவிட்டு முதுகலையில் இந்தத் துறைக்கு வருவதே பாதுகாப்பான வழி. நேரடியாக வனவியலே படிக்க விரும்பினால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. வீட்டை விட்டுத் தூரம், ஆனால் நல்ல இடம்.

முதுகலைக்கு உங்கள் ஊருக்கு இருபுறமும் இரண்டு இடங்கள். வடக்கே புதுவைப் பல்கலைக்கழகம், 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம். இங்கே சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறை தனியாக உண்டு. முதுகலைச் சேர்க்கை பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. தெற்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்திலேயே இருக்கிறது.

இனி, இந்தப் படிப்பு என்ன சொல்லிக்கொடுக்கும் என்பதற்கு வருகிறேன். மரம் நடுவதும் பிளாஸ்டிக் பொறுக்குவதும்தான் இது என்று உறவினர்கள் உங்களிடம் சொல்லக்கூடும். பிச்சாவரத்தின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கிற அலையாத்திக் காடு (மாங்குரோவ்) அது. அதன் நடுவே பெரிய பெரிய பரப்புகள் மொட்டையாகக் கிடந்தன. மக்கள் விறகுக்கு வெட்டுகிறார்கள், மாடு மேய்கிறது, அதனால்தான் காடு அழிகிறது என்பதே பலகாலம் சொல்லப்பட்ட காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் ஆராய்ந்தபோது வேறொன்று தெரியவந்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் முழுதாக வெட்டி எடுக்கும் கூப்பு முறை அங்கே நடந்துவந்தது. மரம் போனதும் வெயில் சேற்றில் நேரே விழுந்தது. சேறு காய்ந்து இறுகி, நிலம் தொட்டிபோல் தாழ்ந்தது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த நீர், கடல் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் ஆண்டுதோறும் மண்ணில் ஏறியது. உப்பைத் தாங்குவதற்கென்றே பிறந்த அலையாத்திச் செடிகூட முளைக்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது.

காரணம் தெரிந்ததும் வேலையே மாறிப்போயிற்று. காவல் போட்டும் வேலி அடித்தும் பயனில்லை, தண்ணீருக்கு வழி விட வேண்டும். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டினார்கள். ஏற்றமும் வற்றமும் மறுபடி ஓடின. உப்பு குறைந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. இன்று நீங்கள் படகில் போய்ப் பார்க்கும் பசுமையில் ஒரு பகுதி அப்படி வந்ததுதான். 2022-இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சேற்றின் மட்டத்தையும் உப்பையும் யாராவது அளந்து பார்க்காமல் இருந்திருந்தால், ஏழைகளின் மேல் பழி போட்டுக்கொண்டே கன்றுகளை நட்டுச் சாகவிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். உங்கள் மகள் படிக்கப்போவது இந்த அளந்து பார்க்கும் வேலையைத்தான். இதைவிடப் பயனுள்ள படிப்பு நம் மாவட்டத்துக்கு வேறு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் பிடித்த பாடம். சுனாமிக்குப் பிறகு, 2005-இல், பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் அந்தக் கரையோரத்தில் 18 குப்பங்களின் தரவுகளை வைத்து, அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று கட்டுரை எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை மறுபடி கணக்கிட்டு, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பவையே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன, மரங்களின் பங்கைத் தனியே பிரித்துக் காட்ட முடியவில்லை என்றார்கள். அலையாத்தியை நேசிக்கிற எவருக்கும் இது கசப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு குப்பத்து மக்களிடம் “மரம் காப்பாற்றும், இங்கேயே இருங்கள்” என்று சொல்வதற்கு முன் அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க வேண்டாமா? அதனால் மகளைப் புள்ளியியலை ஒதுக்காமல் படிக்கச் சொல்லுங்கள். கணக்குக்குப் பயந்து உயிரியல் பக்கம் வருகிறவர்கள் இத்துறையில் மிகவும் சிரமப்படுகிறார்கள்.

புதுவைக் கடற்கரையும் இப்படி ஒரு பாடம்தான். நம் கரையில் மணல், ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கற்சுவர்கள் கட்டப்பட்டன. மணல் தெற்கே தடைபட்டு நின்றது, வடக்கே கரை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினால், அது அடுத்த ஊருக்கு நகர்ந்தது. பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையம் மக்கள் வீட்டையும் வலை உலர்த்தும் இடத்தையும் இழந்தார்கள். வகுப்பில் படித்ததை மாலையில் நடந்துபோய்ப் பார்க்க முடிந்த இடம் அது. ஊசுட்டேரி, நெய்வேலிச் சுரங்கத்துக்காக இறைக்கப்படும் நிலத்தடி நீர், திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் கோயில் காடுகளில் மிஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் என்று நம் பக்கத்தில் பாடத்துக்குப் பஞ்சமே இல்லை.

பிழைப்பு பற்றி நேராகவே சொல்கிறேன். முதல் சில ஆண்டுகள் வருமானம் குறைவு. முதுகலை முடித்தவுடன் கிடைப்பவை பெரும்பாலும் திட்ட உதவியாளர் வேலைகள், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், அதோடு விதிப்படி வீட்டு வாடகைப் படி. வனப் பணி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கல்லூரி ஆசிரியர் பணி, தொழிற்சாலைகளுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு (ஒரு திட்டம் சுற்றுப்புறத்தை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து எழுதுவது), தொண்டு நிறுவனங்கள் என்று வழிகள் உண்டு. இவற்றில் தாக்க மதிப்பீட்டில்தான் ஓரளவு சீக்கிரம் சம்பளம் வரும். ஆனால் பணம் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பிடிக்காத உண்மையை எழுதுகிற துணிவும் அங்கே வேண்டும். வீட்டில் உடனடிக் கடன் சுமை இருந்தால், இளங்கலையோடு பி.எட். முடித்துக்கொள்வதையும் யோசித்து வையுங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை.

கடைசிக் கேள்வி. களப்பணிக்கு எங்களைத் தனியாக அனுப்பியதில்லை. ஆசிரியரோ மூத்த ஆய்வு மாணவரோ உடன் வருவார்கள். பிச்சாவரத்தின் உள் கால்வாய்களில் அந்த நீரை அறிந்த படகோட்டி இல்லாமல் யாரும் போவதில்லை. உண்மையான சிரமங்கள் வேறு: நாள் முழுக்கச் சேற்றில் நிற்பது, கழிப்பறை இல்லாதது, வெயில், மாதவிடாய் நாட்களில் வேலையைத் தள்ளிவைக்க முடியாதது. இவற்றை என்னால் சமாளிக்க முடிந்தது, உடன் படித்த பெண்களாலும் முடிந்தது. எந்தத் துறையில் சேர்ந்தாலும், சேருமுன் அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருவரிடம் மகளைப் பேசச் சொல்லுங்கள். களப்பயணத்தில் எங்கே தங்கவைக்கிறார்கள், செலவை யார் ஏற்கிறார்கள், பெண் ஆசிரியர் வருகிறாரா என்று அவர்களிடம் கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள்.