மாவு பிசைய மெஷின் வாங்கலாமா?

கேள்வி: மும்பை பக்கம் டோம்பிவலியில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், காலை 7 மணி லோக்கல் ரயிலை விட்டால் எனக்கு ஆபீஸ் போய்ச் சேர முடியாது. வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். தினமும் 15 சப்பாத்தி, இரண்டு காய். மாவு பிசைவது மாமியார்தான். அவருக்கு 67 வயது, ஆறு மாதமாக வலது தோளில் வலி. ஃபுட் பிராசஸர் வாங்கலாம் என்றால் கணவர் "மிக்ஸிதான் இருக்கே" என்கிறார். நாத்தனார் 1000 வாட்டுக்குக் குறைவாக வாங்காதே என்கிறார். மாமியாரோ மெஷினில் பிசைந்தால் சப்பாத்தி வறட்டி மாதிரி வரும் என்கிறார். இருக்கிற மிக்ஸிக்கு எட்டு வயது, மோட்டார் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்து ஆடுகிறது. ஓட்டாவில் (சமையல் மேடையில்) இடம் குறைவு. 8,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். கரண்ட் பில் ஏறுமா? என்ன வாங்குவது?
— ஒரு வாசகி, டோம்பிவலி

பதில்: வாங்குங்கள். தோள்வலியோடு ஒருவர் தினமும் 15 சப்பாத்திக்கு மாவு பிசைகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த ஒரு வரி போதும். ஆறு மாதமாக வலி போகவில்லை என்றால் எலும்பு டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள், மெஷின் வந்துவிட்டது என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கே முதலில் வருகிறேன். மிக்ஸி அரைப்பதற்காகப் பிறந்தது. அதுவும் நம் மும்பைக்காரர் கையில் பிறந்தது: இங்கே சீமென்ஸில் இன்ஜினியராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர், வீட்டிலிருந்த வெளிநாட்டு மிக்ஸர் நம் ஊர் அரைப்புக்கு ஈடுகொடுக்காமல் போனதால், தானே மோட்டார் வடிவமைத்து 1963-ல் சுமீத் மிக்ஸி கம்பெனியை ஆரம்பித்தார். காய்ந்த மிளகாய், ஊறின பருப்பு, தேங்காய் எல்லாம் விழுதாக வேண்டும் என்பதால் மிக்ஸி ஜாரில் பிளேடு நிமிடத்துக்கு 18,000, 20,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் கோதுமை மாவைப் போட்டால் பிளேடுக்கு அடியில் பசையாகப் போய் ஒட்டிக்கொண்டு, மாவு சூடாகி, மோட்டார் முனகி, கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை வரும். ஃபுட் பிராசஸர் வந்த வழியே வேறு. அது பிரான்சில் ஹோட்டல் சமையலறைகளில் காய் நறுக்கும் நேரத்தைக் குறைக்க வந்து, 1970-களில் வீட்டுக்குள் நுழைந்த சாமான். அகலமான பாத்திரம், மெதுவாகச் சுற்றும் பிளேடு. வெட்ட, சீவ, துருவ, பிசைய. ஒன்றின் வேலையை இன்னொன்று சரியாகச் செய்யாது, கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டுக்குத் தனியாக ஒரு ஃபுட் பிராசஸர் வேண்டாம். மிக்ஸியும் ஆடுகிறது, ஓட்டாவிலும் இடமில்லை என்கிறீர்கள். மிக்ஸி ஜார்களோடு ஃபுட் பிராசஸர் பாத்திரமும் சேர்ந்து வருகிற மாடலாக ஒன்றை வாங்கிவிடுங்கள். ஒரே மோட்டார்தான், ஜாரை வைத்தால் முழு வேகம், பெரிய பாத்திரத்தை வைத்தால் அதன் அடியில் இருக்கிற கியர் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும். காலையில் சட்னி, இரவில் மாவு என்று நேரம் வேறு வேறாக இருக்கிற வீட்டுக்கு இது நன்றாக ஒத்துவரும். 8,000 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும்.

வாட் பற்றி நாத்தனார் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வாட் என்பது மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்கிற கணக்கு, எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை அது சொல்லாது. ஐந்து பேர் உள்ள வீட்டில் சப்பாத்தி மாவுக்கும் காய்க்கும் 750 வாட் தாராளம். தோசை மாவையும் மிக்ஸியிலேயே அரைக்கிறவர்கள் 1000 பக்கம் போகலாம். பில்லைப் பற்றிக் கவலையே வேண்டாம்: 750 வாட் மெஷின் தினமும் மூன்று நிமிடம் ஓடினால் மாதத்துக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது முதலில் ஓட்டாவில் இடம், அப்புறம் மூடி. இடத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பல வருடம் முன்பு நான் செம்பூர் வீட்டுக்கு ஒன்பது உபரி பாகங்களோடு ஒரு பெரிய ஃபுட் பிராசஸர் வாங்கினேன், வைக்க இடமில்லாமல் பரணில் ஏற்றினேன், பரணிலிருந்து இறக்க ஸ்டூல் போட வேண்டும், ஸ்டூல் போடுகிற நேரத்தில் கத்தியால் நறுக்கிவிடலாம், ஆக வருடத்தில் நாலு தடவை இறங்கினால் அதிகம். இரண்டாவது வருடம் மூடியில் இருக்கிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் நாக்கு உடைந்தது. அந்த நாக்கு சரியாகப் பூட்டினால்தான் மெஷின் ஓடும், அது இல்லையென்றால் மோட்டார் புதிதாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள், மூடி கிடைக்கவே இல்லை, லோஹார் சால் வரைக்கும் போய் எலெக்ட்ரிக் கடை கடையாகக் கேட்டேன். எனக்கு அது இன்றைக்கும் வருத்தம்தான். அதனால் ஓட்டாவில் பிளக் பாயிண்ட் பக்கத்தில், நிரந்தரமாக வைக்க ஓர் அடிக்கு ஓர் அடி இடம் ஒழித்துவிட்டு, மேலே அலமாரி தட்டாமல் ஜார் எழும்புமா என்று டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையில் மூடியும் பாத்திரமும் தனியாக உதிரியாகக் கிடைக்குமா, தாணேயிலோ கல்யாணிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். எத்தனை பாகங்கள் என்று எண்ணாதீர்கள். எஸ் வடிவ பிளேடு, மாவு பிசையும் பிளேடு, ஒரு சீவும் தட்டு, ஒரு துருவும் தட்டு, இந்த நாலு போதும்.

இன்னொன்று, ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும் முதலில் ஒரு கடைக்கு மாமியாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவரே பாத்திரத்தை வைத்து, மூடியைத் திருப்பிப் பூட்டி, திரும்பத் திறக்கட்டும். சில மூடிகளுக்கு நல்ல மணிக்கட்டு பலம் வேண்டியிருக்கும், தோள்வலிக்காரருக்கு அது மாவு பிசைவதைவிட மோசம். மூன்று தடவை பூட்டித் திறந்து, கை வலிக்கவில்லை என்று அவர் சொல்கிற மாடலை எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, இப்போது வறட்டி விஷயம். உங்கள் மாமியார் எங்கேயோ அப்படிச் சாப்பிட்டிருப்பார், அவர் சொல்வதைத் தட்டாதீர்கள். தண்ணீர் குறைவாக விட்டு, மாவு உருண்டை ஆனதும் முடிந்தது என்று எடுத்து, ஊறவிடாமல் உடனே இட்டால் அப்படித்தான் வரும். 15 சப்பாத்திக்கு 350 கிராம் மாவு எடுத்துக்கொள்ளுங்கள் (பாத்திரம் எத்தனை கிராம் மாவு தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கும், வாங்கும்போதே பாருங்கள், 2 லிட்டர் என்று அட்டையில் இருப்பது வேறு கணக்கு). உப்பு போட்டு மூடி, மூடியில் இருக்கிற குழாய் வழியாக 200 மில்லி தண்ணீரை நூலாக விடுங்கள், குளிர்ந்த தண்ணீராக இருந்தால் நல்லது, ஏனென்றால் மெஷின் ஓட்டத்திலேயே மாவு சூடேறும். முதலில் மணல் மாதிரி உதிரும், அப்புறம் சின்னச் சின்ன உருண்டைகளாகும், பிறகு எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பந்தாகிப் பாத்திரத்தின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே சுற்றும், சத்தம் தடதட என்று மாறும். அந்தச் சத்தம் கேட்டதும் அரை நிமிடத்துக்குள் நிறுத்திவிட்டு ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். விரலில் லேசாக ஒட்டுகிற அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும், கையால் பிசையும்போது வைப்பதைவிடக் கொஞ்சம் இளக்கமாகவே. கிர்னியில் (மாவு மில்லில்) அரைத்த தவிடு உள்ள மாவென்றால் இன்னும் ஒன்றிரண்டு ஸ்பூன் தண்ணீர் கேட்கும். ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி மூடி 20 நிமிடம், முடிந்தால் அரை மணி ஊறவிடுங்கள். ஊறினபின் மாமியார் கையில் கொடுங்கள், நாலே நாலு மடிப்பு, தோளை அசைக்காமல் உள்ளங்கையாலேயே. அந்தப் பக்குவம் அவருக்குத்தான் தெரியும், அதை மெஷினிடம் விடத் தேவையில்லை.

மாவு பிசையும்போது நடுவில் மெஷின் நின்றுபோனால் பயப்பட வேண்டாம். அளவுக்கு மீறிப் போட்டிருப்பீர்கள். பிளக்கைப் பிடுங்கி, பாதி மாவை எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அடியில் இருக்கிற சிவப்புப் பட்டனை அழுத்தினால் ஓடும்.

காய்களில் முட்டைக்கோஸுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. குழாய்க்குள் போகிற அளவுக்கு நீளத் துண்டாக வெட்டிச் சீவும் தட்டில் விட்டால் அரைக் கிலோ ஒரு நிமிடத்தில் முடியும். தள்ளுகட்டையை லேசாக அழுத்தினால் மெல்லிசாக விழும், பலமாக அழுத்தினால் தடிமனாக விழும், இதைத் தெரிந்துகொண்டால் வாழைக்காய் சிப்ஸும் வரும் உருளை ரோஸ்ட்டும் வரும். பீன்ஸை அள்ளிப் போட்டால் கோணல் மாணலாகக் கிழியும். தீப்பெட்டிக்குள் குச்சி மாதிரி நெருக்கமாக நிற்க வைத்தால் வட்ட வட்டமாக விழும், அடுக்குகிற பொறுமை இருந்தால். கால் கிலோவுக்குக் குறைவான பீன்ஸுக்கு நான் கத்தியைத்தான் எடுப்பேன், நாலு பாகத்தைக் கழுவுகிற நேரம் இருக்கிறதே. வெங்காயத்தை நாலாக வெட்டி எஸ் பிளேடில் ஒரு விநாடி, நிறுத்தி, மறுபடி ஒரு விநாடி என்று நாலைந்து தடவை; தொடர்ந்து ஓடவிட்டால் தண்ணீர்விட்டுக் கசந்துபோகும். டிசம்பரில் சிவப்பு கேரட் வந்ததும் அல்வாவுக்கு ஒரு கிலோ துருவிப் பாருங்கள், வாங்கின காசு அன்றைக்கே வந்துவிட்டது என்று தோன்றும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பருப்பு. மசால் வடைக்கோ பருப்பு உசிலிக்கோ மிக்ஸியில் அரைக்கும்போது அடியில் மாவாகி மேலே முழுசாக நிற்கும், கரண்டியால் கிளறிக் கிளறி அலுத்துப்போகும், கடைசியில் ஒரு கை தண்ணீர் விட்டு எண்ணெய் குடிக்கிற வடையாகும். இதில் அந்தத் தொல்லை இல்லை. கடலைப் பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, சல்லடையில் பத்து நிமிடம் சுத்தமாக வடியவிட்டு, ஒரு பிடி பருப்பை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை எஸ் பிளேடில் விட்டு விட்டு ஓட்டுங்கள். பாத்திரம் அகலம் என்பதால் எல்லாம் ஒரே சீராக ஒன்றிரண்டாக உடையும், ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். தேங்காய்ப் பத்தைகளையும் இப்படியே பொடித்துப் பொரியலுக்குத் தூவலாம்.

இட்லி மாவை மட்டும் இதில் முயற்சி செய்யவே வேண்டாம். உளுந்து கல்லில் மெதுவாக, சூடாகாமல் அரைபட்டால்தான் நன்றாகப் பொங்கும். கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு எல்லாம் அரிவாள்மணைக்கும் கத்திக்கும் உரியவை, மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து ஆசையாக வாங்கி வந்த வாழைப்பூவை இதில் போட்டுக் கூழாக்கிவிடாதீர்கள். பெருங்காயக் கட்டி, விரலி மஞ்சள் மாதிரி கெட்டியானதெல்லாம் கூடாது.

எஸ் பிளேடு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அது சவரக் கத்தி மாதிரி இருக்கும். சோப்புத் தண்ணீரில் மற்றப் பாத்திரங்களோடு ஊறப்போட்டால் பாத்திரம் தேய்க்க வருகிற வேலைக்கார அம்மா தெரியாமல் கைவிட்டு அறுத்துக்கொள்வார், நான் பார்த்திருக்கிறேன், மூன்று தையல். வேலை முடிந்ததும் நீங்களே நடுத்தண்டைப் பிடித்துக் கழுவித் துடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழாய்க்குள் விரல் கூடாது, தட்டு மாற்றும்போது பிளக் பிடுங்கியிருக்க வேண்டும், அவசரமாக இருக்கிற காலையில்கூட.

கேரட், பீட்ரூட் போடும் முன் பாத்திரத்தின் உள்பக்கம் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் கறை பிடிக்காது. மஞ்சள் கறை பிடித்துவிட்டால் கழுவி பால்கனியில் அரை நாள் வெயிலில் வையுங்கள், வெளுத்துவிடும்.

பழைய மிக்ஸியை எக்ஸ்சேஞ்சில் போடும் முன் ஒரு ரிப்பேர்க் கடையில் புஷ் மாற்ற எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். மோட்டார் நன்றாக இருந்தால், எக்ஸ்சேஞ்சில் கழிக்கிற தொகையைவிட அந்தச் செலவு லாபமாக இருக்கும். மாற்றித் துடைத்து அதைப் பரணில் வையுங்கள், புது மெஷின் சர்வீஸுக்குப் போகிற நாளில் சட்னிக்கு ஆகும்.