மனநல ஆலோசனைக்கு வந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டால் முடிவுக் குறிப்பில் என்ன எழுதுவது?

கட்டாயம் எழுதுங்கள், கோப்பை அந்தரத்தில் விடாதீர்கள். வந்த காரணம், அளித்த சிகிச்சை, முதல், கடைசி அமர்வுகளின் தேதி எல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். நிறுத்தத்தைப் பதியும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘ஒத்துழைக்கவில்லை’ என்பது தகவல் அல்ல, உங்கள் எரிச்சல். ‘மார்ச் 4, 11 அமர்வுகளுக்கு வரவில்லை, தொலைபேசியில் அழைத்தும் பதிலில்லை, 18ஆம் தேதி கடிதம் அனுப்பப்பட்டது’ என்று எழுதலாம். இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 25ஆம் பிரிவு, தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்குத் தருகிறது. நாளை அவரே படிக்கக்கூடும். மனச்சோர்வின் அளவைக் காட்டும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளின் மதிப்பெண் 17இலிருந்து 9ஆகக் குறைந்திருந்தால் அதையும் சேருங்கள். கடைசி அமர்வில் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டீர்களா, என்ன பதில் வந்தது என்பதை விடவே கூடாது. அவசரத்துக்கு யாரை அணுகச் சொன்னீர்கள், மறுபடி வர விரும்பினால் என்ன வழி என்பதும் அதனுடன் இருக்கட்டும்.