கார் பெயின்ட்: பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு

கேள்வி: ஐந்து வருடமான கறுப்பு கார். வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், மதுரை)

பதில்: அவசரப்படாதீர்கள். நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத அடுக்கான கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் கனம்கூட இருக்காது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். காம்பவுண்டும் பாலிஷும் அந்த அடுக்கைத் தேய்த்து எடுத்துத்தான் பளபளப்பைக் கொண்டுவருகின்றன. வாக்ஸ் எதையும் எடுக்காது. மேலே ஒரு படலமாக உட்காரும்.

அந்தக் கோடுகள் பெரும்பாலும் தூசி படிந்த காரை தினமும் உலர்ந்த துணியால் துடைப்பதால் வருபவை. முதலில் அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எத்தனை முறை பாலிஷ் போட்டாலும் மாதத்தில் திரும்பிவிடும்.

கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல், பாலிஷில் போகாது. மாட்டாவிட்டால் ஃபைன் பாலிஷே போதும், அதைவிடக் கரடான காம்பவுண்ட் வேண்டாம்.

நிழலில், பானெட்டைத் தொட்டால் சூடில்லாத நேரத்தில் செய்யுங்கள். கார் ஷாம்புவால் கழுவிக் காயவிட்டு, கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயின்ட் மேல் தடவுங்கள். வெறுங்கையில் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். அதை ஷாம்பு தண்ணீர் தெளித்து, கிளே பாரால் (அழுக்கை ஒட்டியெடுக்கும் களிமண் போன்ற கட்டி) அழுத்தாமல் எடுங்கள். கிளே கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டிய மணல் கோடு போட்டுவிடும்.

பானெட் ஓரங்கள், கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஓரங்களில் பெயின்ட் மெலிதாக இருக்கும். சுழலும் மெஷின் அங்கே ஒரு நொடி நின்றாலும் கிளியர் கோட் போய்விடலாம்; பிறகு பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. பழக்கமில்லாதவர் ரோட்டரி மெஷினைத் தொடவே கூடாது. ஃபோம் பேடில் பாலிஷை நாலைந்து துளி விட்டு, ஓரடி சதுரத்தில் கையால் தேய்த்துப் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள்.

கடைசியாக வாக்ஸ். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு மெலிதாகப் பூசுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை விட்டு, மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். அப்பி விட்டால் பளபளப்பு அதிகமாகாது, துடைக்கத்தான் கஷ்டம். கார்னௌபா வாக்ஸ் (ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் மெழுகு) நம் வெயிலுக்கு இரண்டு மாதம் தாங்கினாலே அதிகம். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவினால் மறுபடி வாக்ஸ் போடுங்கள், பாலிஷ் அல்ல. பாத்திரம் கழுவும் லிக்விடால் காரைக் கழுவினால் வாக்ஸ் அந்த இரண்டு மாதத்துக்கு முன்பே போய்விடும்.

கேள்வி: டிங்கரிங் முடிந்து கதவுக்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறது. உடனே வாக்ஸ் போடலாமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: வேண்டாம். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற நாளாகும். வாக்ஸ் அதை அடைத்துவிடும். பெயின்ட் பூத்தில் (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) சூடேற்றிக் காயவைத்திருந்தால் குறைந்தது 30 நாள், வெளியில் காற்றில் காய்ந்திருந்தால் 60 முதல் 90 நாள் பொறுங்கள். அதுவரை ஷாம்பு தண்ணீரில் மெதுவாகக் கழுவினால் போதும். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் அன்றைக்கே ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் அப்படியே ஒற்றி எடுங்கள்.