அம்மா இருக்கும்போதே அக்காவை இல்லத்தில் சேர்ப்பது தவறா?

டவுன் சிண்ட்ரோம் உள்ள உங்கள் அக்காவுக்கு 42 வயது, அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, அம்மாவின் காலம் வரை வீட்டிலேயே வைத்திருந்துவிட்டுப் பிறகு இல்லத்தைப் பற்றி யோசிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா திடமாக இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள் என்பதுதான் என் பதில். அப்படிச் செய்யாவிட்டால், தாயை இழந்த அதே வாரத்தில் பழகிய வீட்டையும் படுக்கையையும் சேர்த்து இழக்கும் நிலை உங்கள் அக்காவுக்கு வரக்கூடும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஐம்பது வயதை ஒட்டியே மறதி நோய் தொடங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம் என்பதால், புதிய இடத்தையும் புதிய முகங்களையும் பழகிக்கொள்ள இந்த வயதே ஏற்றது.

இதை நான் ஏட்டறிவால் சொல்லவில்லை. அறிவுத்திறன் குறைபாடுள்ள என் தம்பியை, அம்மா தானே ஈரச்சந்தைக்கு நடந்து போய் மீன் வாங்கி வந்துகொண்டிருந்த காலத்திலேயே விடுதியில் சேர்த்தோம். முதலில் குறுகிய காலத் தங்கலாகச் சில இரவுகள், பிறகு வார நாள்கள் முழுவதும் என்று படிப்படியாகத்தான் அது நடந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். அங்கே அவனுக்கென்று ஓர் அலமாரியும் அதற்கு ஒரு சாவியும் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் நாலறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் பூட்டி வைக்கும்படியான பொருள் எதுவும் அவனுக்கு இருந்ததில்லை. எந்தச் சட்டை போடுவது என்பதைக்கூட அம்மாதான் முடிவு செய்வார். இப்போது கழுத்துக் கயிற்றில் சாவியை மாட்டிக்கொண்டுதான் குளிக்கவும் போகிறான். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அலமாரியைப் பூட்டி, கைப்பிடியை இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்ட பிறகே என்னோடு மின்தூக்கிக்கு வருவான். "நான் எடுத்து வைக்கிற சட்டைய இப்பல்லாம் போடவே மாட்டேங்கிறான்" என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வார், ஆனால் அண்டை வீட்டாரிடமெல்லாம் அதையே பெருமையாகவும் சொல்வார்.

பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையை அனாதையாக்கிவிட்டோம் என்று தீபாவளிக்கு வந்த என் சித்தப்பா எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் தம்பியைத் தேக்கா சந்தை வரைகூட ஒருமுறை அழைத்துப் போகாதவர் அவர். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருடைய சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் இருப்பவர்கள் செய்யும் வேலை இது என்று இங்கே யாராவது எழுதக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்: கட்டணச் சலுகை வீட்டு வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டே வழங்கப்படுகிறது. எல்லோரும் பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்புங்கள் என்றும் நான் சொல்லவில்லை. பகல்நேர நடவடிக்கை நிலையமும் ஒரு பணிப்பெண்ணும் போதுமான குடும்பங்கள் உண்டு, ஆனால் அம்மாவுக்குப் பிறகு அந்தப் பணிப்பெண்ணை மேற்பார்ப்பது யார் என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது.

விண்ணப்பம், உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு வழியாகப் போகும். மருத்துவ அறிக்கையும் மதிப்பீடும் தேவைப்படும். விடுதி என்பது பகலில் வேலைக்கோ பயிற்சிக்கோ போய்வந்து, தன் காரியங்களைத் தானே செய்யப் பழகுபவர்களுக்கானது. இல்லம் என்பது நாள் முழுவதும் கவனிப்பு தேவைப்படுபவர்களுக்கும் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களுக்குமானது. உங்கள் அக்கா எதற்குப் பொருந்துவார் என்பதை மதிப்பீடு சொல்லும். அறிவுத்திறன் குறைபாடுள்ளோருக்கான மைண்ட்ஸ் அமைப்பு நடத்தும் நப்பிரி வளாகம், வேறு அமைப்புகள் நடத்தும் பீஷான் இல்லம், மெத்தா இல்லம் என்று இடங்கள் இருக்கின்றன, ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கென்றே செங்காங்கில் ஓர் இல்லம் இருக்கிறது. நாங்கள் பார்க்கப் போன ஓர் இடத்தில், பகல் முழுவதும் எல்லோரையும் தொலைக்காட்சி முன் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பெயரைச் சொல்ல விரும்பவில்லை, வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

இதோடு சேர்த்துச் சட்ட வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள். தானே முடிவெடுக்க இயலாதவர் என்றாலும், 21 வயதைக் கடந்தவருக்காக முடிவெடுக்கப் பெற்றோருக்கேகூடத் தானாக அதிகாரம் கிடையாது. மென்டல் கெப்பாசிட்டி சட்டத்தின்கீழ் நீதிமன்றம் ஒருவரை டெபுடியாக, அதாவது அவர் சார்பில் முடிவெடுப்பவராக, நியமிக்க வேண்டும். அம்மா இருக்கும்போதே விண்ணப்பித்தால், அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்பவராக உங்களையும் அதிலேயே கேட்டுக்கொள்ளலாம். அம்மாவின் மசேநி (மத்திய சேமநிதி) சேமிப்பை அவருக்குப் பின் மாதந்தோறும் அக்காவுக்குக் கிடைக்கும்படி செய்யவும் திட்டம் உண்டு, ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் நிறுவனத்தில் 5,000 வெள்ளியிலிருந்து அறக்கட்டளைக் கணக்கு தொடங்கவும் முடியும்.

அம்மாவோடு வீட்டில் உட்கார்ந்து வாதாடாதீர்கள். சாப்பாட்டு நேரமாகப் பார்த்து அவரையும் அக்காவையும் இல்லத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே பிள்ளையைப் பார்க்க வந்திருக்கும் வேறொரு தாயிடம் அம்மா பேசிக்கொண்டிருக்கட்டும். இரவில் எத்தனை ஊழியர்கள் இருப்பார்கள், வார இறுதியில் அக்காவை வீட்டுக்கு அழைத்துவர விடுவார்களா என்ற இரண்டையும் நீங்கள் கேளுங்கள். நேரடியான பதில் வரவில்லை என்றால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.