குடியேற்றச் சோதனைக்கு அஞ்சும் குடும்பங்களுக்குப் பள்ளி செய்ய வேண்டியது என்ன?

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். குடியேற்ற அதிகாரிகளுக்கு அஞ்சி மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா என்று ஒரு தாய் கேட்கிறார். நான் என்ன சொல்வது?

பதில்: நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆனால், இங்கே ஒன்றும் நடக்காது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பள்ளி போன்ற இடங்களில் குடியேற்ற நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்திவந்த வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. படிக்கும் உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது. டெக்சாஸின் டைலர் நகரப் பள்ளிகள், குடியேற்ற ஆவணமற்ற பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டதிலிருந்து எழுந்த பிளைலர் எதிர் டோ வழக்கில், அவர்களுக்கும் பொதுக்கல்வி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது.

அந்தத் தாயின் குடியேற்ற நிலையை நீங்கள் கேட்க வேண்டாம். அவராகச் சொன்னாலும் எங்கும் எழுதிவைக்க வேண்டாம். மாணவர் பதிவேடுகளைப் பெற்றோர் சம்மதமின்றி வெளியிடுவதை 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் பொதுவாகத் தடுத்தாலும், நீதிமன்ற ஆணைக்கு அதில் விலக்கு உண்டு. பெயர், முகவரி போன்ற பொது விவரங்களையும் தரக்கூடாது என்று பெற்றோர் பள்ளிக்கு எழுத்தில் கொடுத்துவிடலாம்.

அதிகாரிகள் வந்தால், வாரண்டில் கையெழுத்திட்டவர் யார் என்பதே முக்கியம். குடியேற்றத் துறை அதிகாரியே கையெழுத்திட்ட வாரண்ட், பொதுமக்களுக்குத் திறந்திராத வகுப்பறைக்குள் நுழையும் அதிகாரத்தைத் தராது. நீதிபதி கையெழுத்திட்டது தரக்கூடும். அதைப் படித்து முடிவெடுப்பது பள்ளி முதல்வரும் பள்ளி நிர்வாகத்தின் வழக்கறிஞரும் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் தடுக்கவோ பொய் சொல்லவோ முயலாமல், அவர்களுக்குத் தகவல் கொடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது அவசரத் தொடர்புப் படிவத்தைத்தான். பெற்றோர் பிடிபட்ட நாளில், மாலை மணி அடித்த பிறகும் அழைத்துப்போக ஆளில்லாமல் நிற்கும் பிள்ளையின் விஷயம் காவல்துறைக்கோ குழந்தைகள் நலத்துறைக்கோ போய்விடக்கூடும். ஆகவே, தாய் நம்பும் இரண்டு மூன்று பேரின் பெயர்களை இந்த வாரமே சேர்க்கச் சொல்லி, அந்த எண்களை அழைத்துச் சரிபாருங்கள். மருந்து, ஒவ்வாமை விவரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தற்காலிகப் பாதுகாவலரை நியமிக்கும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், தாய் வழக்கறிஞரையே அணுகட்டும். வழக்கறிஞர் அல்லாத நோட்டரிகளிடம் பணத்தை இழந்த குடும்பங்கள் உண்டு.

அம்மா வீட்டில் இருப்பாரா என்று பையன் உங்களிடம் கேட்டால், நிச்சயம் இருப்பார் என்று சொல்ல உங்களால் இயலாது. அவர் வர முடியாத நாளில் அவனை அழைத்துப்போக யார் வருவார் என்பதை, பெயரோடு சொல்ல இயலும்.